பதினாறு நட்டும் அசையவில்லை, மச்சான்

மச்சான்,

இன்று காலை ஃபேக்டரிக்குப் போகிற வழியில், குளத்தூர் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டேன். சில்வர் பெயிண்ட் வாசனை. ஆயுத பூஜைக்கு இன்னும் நாலு நாள்தான். ஒரு டிரைவர் தன் காரைக் கல் மேல் ஏற்றி, நான்கு வீலையும் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துப் பூசிக்கொண்டிருந்தார். வீலின் முன்பக்கம், பின்பக்கம், நட்டு உட்காரும் பள்ளம் என்று எதையும் விடவில்லை. நாக்கைத் துருத்திக்கொண்டு, குழந்தைக்கு மை வைப்பது போலப் பூசினார். அச்சு அசல் நீங்கள்.

"அண்ணே, வீலுக்குப் பின்னாடி பூசாதீங்க. நட்டு லூசாயிரும்" என்றேன்.

மேலும் கீழும் பார்த்தார். "சாமிக்குப் பூசுறது தம்பி. சாமி பாத்துக்கும். நீங்க கெளம்புங்க."

கிளம்பிவிட்டேன். எட்டு மணி ஷிப்டு. ஆனால் அந்த வாசனை ஹெல்மெட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நீங்கள் போன பிறகு உங்கள் வண்டி யார் கைக்குப் போயிற்று என்பது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் இருப்பது எனக்குத் தாங்கவில்லை. எனக்குத்தான் எதையும் வைத்திருந்து சொல்லப் பொறுமை கிடையாதே.

நமக்குள் பன்னிரண்டு வருடச் சண்டை. நீங்கள் என் அக்காவைக் கட்டிய நாளிலிருந்து. அதில் பாதி, நட்டுச் சண்டை.

டிப்ளமோ முடித்து, குவாலிட்டி செக்‌ஷனில் சேர்ந்து, முதல் ஆயுத பூஜை விடுமுறைக்குத் திருவரங்குளத்தில் உங்கள் வீட்டுக்கு வந்தபோது என் கையில் புது டார்க் ரெஞ்ச் இருந்தது. நீங்கள் இதே போல வீல்களைப் பரப்பிப் போட்டு, கை முழுக்க வெள்ளிப் பூச்சோடு நிமிர்ந்தீர்கள்.

"என்னய்யா மாப்ள, ஒலக்க மாதிரி என்னத்தையோ தூக்கிட்டு வர்ற?"

"டார்க் ரெஞ்ச் மச்சான். நட்ட எவ்வளவு இறுக்கணுமோ அந்த அளவ இதுல வச்சுட்டா, அந்த எடம் வந்ததும் டிக்குனு சொல்லும். அதோட கைய எடுத்துரணும்."

"நட்டு இறுகிருச்சானு என் காலு சொல்லும்யா. அதுக்கு எதுக்கு டிக்கு?"

சொன்னதோடு விடவில்லை. வீலை மாட்டி, ஸ்பேனரை நட்டில் செருகி, காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் ஏறிவிட்டீர்கள். எண்பத்தைந்து கிலோ. "இது சாமிக்கு" என்று ஒரு குதி. "இது சவாரிக்கு" என்று இன்னொன்று. "இது ஒங்க அக்காவுக்கு" என்று மூன்றாவது. ஒவ்வொரு குதிக்கும் ஸ்பேனர் முனகியது. எனக்குப் பல் கூசியது.

நான் கத்தினேன். வீலைப் பிடித்துக்கொண்டிருப்பது நட்டு அல்ல, நட்டு ஏறுகிற அந்த மரை போட்ட கம்பி, ஸ்டட்டு; இறுக்கும்போது அது மயிரளவு நீள்கிறது; நீண்டது சுருங்கப் பார்க்கிற அந்த இழுவைதான் வீலைக் கவ்வுகிறது; நீங்கள் குதித்தால் அது சுருங்குகிற சக்தியையே இழந்துவிடும் என்று கரும்பலகை இல்லாமல் பாடம் எடுத்தேன். நீங்கள் பெயிண்ட் டப்பாவைக் கலக்கிக்கொண்டிருந்தீர்கள். காபியோடு வந்த அக்காதான் நின்று கேட்டாள்.

"பாவாட நாடா மாதிரினு சொல்லித் தொலையேண்டா. இறுக்கினா நிக்கும். ரொம்ப இழுத்தா அறுந்து கையோட வந்துரும்."

நீங்கள் சிரித்த சிரிப்பில் டப்பா கவிழ்ந்தது. மூன்று வருடம் டிப்ளமோ படித்து நான் சொல்ல முடியாததை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

அந்த நாடா அறுந்த நாள் நினைவிருக்கிறதா? கீரனூரைத் தாண்டி, திருச்சி ஏர்போர்ட் சவாரி. துபாய்க்குப் போகிற ஒருவரையும் அவருடைய மூன்று அட்டைப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போனீர்கள். பின் டயர் பஞ்சர். இரண்டு நட்டு கழன்றது. மூன்றாவது வரவில்லை. எந்தக் காலால் இறுக்கினீர்களோ அதே காலால் எதிர்ப்பக்கம் குதித்தீர்கள். ஸ்டட்டு பட்டென்று முறிந்து, நட்டோடு சேர்ந்து ரோட்டில் உருண்டது. நாலாவது அதற்கும் அசையவில்லை. பின்னால் வந்த ஒரு வேனைக் கை காட்டி நிறுத்தி, அந்த மனிதரையும் பெட்டிகளையும் அதில் ஏற்றிவிட்டு எனக்குப் போன் செய்தீர்கள். ஃபேக்டரி பக்கம்தான். நீளமான இரும்புப் பைப்பைப் பைக்கில் கட்டிக்கொண்டு வந்தேன். வந்ததும் பைப்பைக் கொடுக்கவில்லை. திட்டினேன். பத்து நிமிடம், ரோட்டோரம், போகிற லாரிக்காரர்கள் திரும்பிப் பார்க்க.

நீங்கள் மைல்கல் மேல் உட்கார்ந்து முழுவதையும் கேட்டீர்கள். பிறகு, "முடிச்சுட்டியாய்யா? இப்ப பைப்பக் குடு" என்றீர்கள்.

அன்றைக்குப் பிறகு ஸ்பேனர் மேல் நீங்கள் ஏறவில்லை. தோற்றதாக வாயால் ஒருநாளும் சொல்லவில்லை. என் ரெஞ்சை வீட்டில் வைத்துக்கொண்டீர்கள். நீங்கள் கையால் இறுக்குவது, கடைசி டிக் அக்கா வைப்பது என்று ஆயிற்று. "அவ கைக்குத்தான் அந்தப் பொறும இருக்கு" என்பீர்கள். என்னைப் பற்றி நீங்கள் சொல்வது வேறு: "அவசரக்காரன் கையில ஸ்பேனரக் குடுக்காத." டார்க் ரெஞ்ச் வாங்கி வந்தவனைப் பார்த்து இந்தப் பேச்சு. பெயிண்டை மட்டும் விடவில்லை. வருடா வருடம் பூசினீர்கள். கடைசியாகப் பூசிய இரண்டாவது வாரம், ஐப்பசி மழை தொடங்கிய அன்று, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை.

வண்டி கொட்டகையில் நின்றது. மூன்று மாதம், மழை முழுக்க.

தை பிறந்ததும் அரிமளத்திலிருந்து உங்கள் அண்ணன் வந்தார். பெரிய மச்சான் கெட்டவர் இல்லை, உங்களுக்கே தெரியும். நீங்கள் சவுதியில் இருந்தபோது வாங்கிய வண்டி என்பதால் ஆர்.சி. புத்தகத்தில் அவர் பெயர். யாரோ ஒருவர் கேட்கிறார், விற்றுவிடலாம் என்று சொல்ல வந்திருந்தார்.

"விக்க வேணாம் பெரிய மச்சான். நானே ஓட்டுறேன்" என்றாள் அக்கா.

கண்மாய்க்கரை ரோட்டில் நீங்கள்தானே கற்றுக்கொடுத்தீர்கள். லைசென்ஸ் எடுத்துக்கொடுத்ததும் நீங்கள்தான். ஆனால் அவர் அதை விளையாட்டு என்று நினைத்திருந்தார் போல. காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஓட்டுறது பெரிய காரியமில்லத்தா. ஆலங்குடி தாண்டி நடுரோட்டுல டயரு போச்சுன்னா என்ன செய்வ? யாரக் கூப்புடுவ? சவாரிக்கு வந்தவன எறக்கி விட்டு ஸ்பேனரக் குடுப்பியா? அந்த நட்டு எந்தம்பிக்கே மசியல."

எனக்குப் பொறுக்கவில்லை. "அது மசியாம போனதே ஒங்க தம்பி மிதிச்ச மிதியாலதான்" என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அவள் கேட்டாள்: "நானே கழட்டி, நானே மாட்டி, அரிமளத்துக்கு ஓட்டிட்டு வந்தா?"

பெரிய மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டார். "பங்குனிக்குள்ள வா. வந்து என் கண்ணு முன்னால ஒரு வீலக் கழட்டி மாட்டு. பேர மாத்துற ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுத் தாரேன். இல்லாட்டி சாவியக் குடுத்துரணும். சரியா?"

"சரிங்க."

அவர் போன பிறகு வண்டியைப் பார்த்தோம். முன் வீல்களின் பிரேக் டிஸ்க் இரண்டும் துருவேறிச் செங்கல் நிறம். பிரேக் பேடு வழவழவென்று தேய்ந்திருந்தது. டயரைக் கழற்றி மாட்டுவது இருக்கட்டும், முதலில் நிறுத்த பிரேக் வேண்டும். ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பலாம் என்றேன். "அங்க அனுப்பினா அவன்தான கழட்டுவான்? எனக்கு எப்பத் தெரியும்?" என்றாள். மறு ஞாயிற்றுக்கிழமை புது டிஸ்க், புது பேடு, வண்டியின் கையேடு, என் பெட்டி எல்லாவற்றோடும் வந்தேன்.

வலது பக்கம் நான், இடது பக்கம் அவள். அப்படித்தான் பிரித்துக்கொண்டோம். ஒவ்வொரு போல்ட்டுக்கும் உள்ள அளவை நான் கையேட்டிலிருந்து வாசிக்க, அவள் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் எழுதினாள். பேடைப் பிடிக்கும் காலிப்பரின் சின்ன போல்ட்டுக்கு ஒரு எண். அந்தக் காலிப்பரைத் தாங்கும் பெரிய போல்ட்டுக்கு அதைப் போல மூன்று மடங்குக்கு மேல். வீல் நட்டுக்கு நூற்றுப் பத்து நியூட்டன் மீட்டர். "எல்லாத்துக்கும் ஒரே பலம் கிடையாதுக்கா. சின்னதுல பெருசோட பலத்தக் காட்டுனா மரை போயிரும்" என்றேன். தலையாட்டினாள்.

என் பக்கம் நாற்பது நிமிடத்தில் முடிந்தது. பழைய டிஸ்க்கை உருவி, புதியதை அச்சு முனையிலுள்ள ஹப்பில் செருகி, பேடு மாட்டி, போல்ட்டுகளை டிக் டிக் என்று முடித்து, வீலை ஏற்றி, ஜாக்கியை இறக்கி, நான்கு நட்டுக்கும் குறுக்குக் குறுக்காக டிக் வைத்தேன். எழுந்து சுற்றி வந்து பார்த்தால், அவள் இன்னும் புது டிஸ்க்கை உறையிலிருந்தே எடுக்கவில்லை. கம்பி பிரஷ்ஷால் ஹப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா பண்ற? பொழுது போயிரும்."

"இந்தத் துரு மேலயே புதுச உக்கார வச்சா நேரா உக்காருமா? அடுப்புக்கு அடியில ஒரு பருக்கக் கல்லு கெடந்தாலே சட்டி ஆடுது."

"டார்க் வச்சா எல்லாம் அமுங்கிரும். சீக்கிரம் வா."

மச்சான், எனக்குத் தெரியாமல் இல்லை. ஃபேக்டரியில் இதைத்தான் மற்றவனுக்குச் சொல்கிறேன். தெரிந்திருந்தும் செய்யவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிக்க வேண்டும் என்கிற ஒரே அவசரம். அவள் ஹப்பை வெள்ளையாகத் தேய்த்தாள். பிறகு வீலைக் கவிழ்த்துப் போட்டு, டிஸ்க் மேல் வந்து உட்காரும் அந்த வட்டத்தில் நீங்கள் பூசிய பெயிண்டை உப்புத்தாளால் சுரண்டினாள். மேலே வெள்ளி. அதன் அடியில் ஒரு வருடம் உங்களுக்குப் பைத்தியம் பிடித்துப் பூசிய நீலம். அதற்கும் அடியில் இன்னொரு வெள்ளி. இரும்பு தெரியும் வரைக்கும் விடவில்லை. ஸ்டட்டுகளில் எண்ணெய் தடவலாமா என்று கேட்டாள்; நீங்கள் தடவுவீர்களே. தடவினால் அதே டிக்குக்கு நட்டு கூடுதலாக ஏறிவிடும், காய்ந்த துணியால் துடைத்தால் போதும் என்றேன். துடைத்தாள். டிஸ்க், பேடு, வீல் என்று வரிசையாக மாட்டி, நான்கு நட்டையும் விரலாலேயே கடைசி வரை சுற்றி, பிறகு டிக் வைத்தாள். மணி இரண்டு.

பிரேக் பெடலை அழுத்தி அழுத்தி அது கல்லாக நிற்கும் வரை காத்திருந்து, பிறகு அவளே ஓட்டினாள். ஆலங்குடி போய்த் திரும்புவதாகத் திட்டம். பாதி வழியில் ஓரங்கட்டிவிட்டாள்.

"காலுக்கடியில துடிக்குதுடா."

நான் ஒரு முறை மிதித்துப் பார்த்தேன். துடித்தது. ஸ்டியரிங்கும் லேசாக நடுங்கியது. என் வாயில் வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? "ஒன் பக்கமாத்தான் இருக்கும்."

அவள் கோபப்படவில்லை. பின்னால் போய் ரெஞ்சை எடுத்து வந்தாள். முதலில் தன் பக்கம். நட்டில் வைத்து மெல்ல இழுத்தாள். அசையாமலே டிக். இரண்டாவது, டிக். மூன்றாவது, நாலாவது, டிக், டிக். சுற்றி என் பக்கம் வந்தாள். இழுத்தாள். நட்டு நகர்ந்தது. கால் சுற்று போய்த்தான் டிக் வந்தது. அடுத்ததும் அப்படியே. நாலும் அப்படியே.

சாலையில் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

"ஒங்க மச்சான் என்ன சொல்வாரு?" என்றாள்.

"அவசரக்காரன் கையில..." என்று நானே முடித்தேன். அவள் டிக்கியில் சாய்ந்து சிரித்தாள். நீங்கள் போன பிறகு அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. என் மானம் போனது பற்றி எனக்கு அந்த நிமிடம் எந்த வருத்தமும் இல்லை.

வீடு வரை ஊர்ந்தபடி வந்து, வலது பக்கத்தை மறுபடியும் பிரித்தேன். டிஸ்க் துருத் திட்டின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தது, துடிப்பு அதனால். வீலின் பின்புறம் உங்கள் பெயிண்ட், பிதுக்கிய மாவு மாதிரி ஓரத்துக்கு வந்திருந்தது. பெயிண்ட் நசுங்க நசுங்க, ஸ்டட்டின் இழுவை தளர்ந்து, நட்டுக்குப் பிடிப்பு போய்விட்டது. பன்னிரண்டு வருடமாக உங்களிடம் கத்தியதை என் கையே எனக்குச் செய்து காட்டியது. உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெள்ளி போயிற்று. நீலத்தில் கொஞ்சம் நிறுத்தினேன்.

"நல்லாச் சொரண்டு" என்றாள் அக்கா பின்னாலிருந்து. "அவரு இருந்தா இந்நேரம் அழுதுருப்பாரு." நான் திரும்பிப் பார்க்கவில்லை. சுரண்டி முடித்தேன். மறுநாள் ஓட்டியபோது பெடல் தரை மாதிரி அமைதியாக இருந்தது.

பிறகு ஒரு மாதம், தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஒரு வீலைக் கழற்றி மாட்டினாள். ஸ்பேனரில் ஏறுவதில்லை. ஒன்றரை அடிப் பைப்பைச் செருகிக் கழற்றுவாள். மாட்டும்போது பைப்பைத் தொட மாட்டாள்.

பங்குனி பிறந்த முதல் ஞாயிறு அரிமளம் போனோம். நான் பக்கத்து சீட்டில், வாயைத் திறக்கக் கூடாது என்கிற ஒப்பந்தத்தோடு. புதுக்கோட்டை டவுனுக்குள் ஒரு மினி பஸ் குறுக்கே வந்தது. மிதித்தாள். வண்டி கோடு போட்டது போல நின்றது. அவள் உதட்டு ஓரம் லேசாக மேலேறியதைப் பார்த்தேன்.

பெரிய மச்சான் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி செம்பில் தண்ணீரோடு வந்தார். அக்கா இறங்கினாள், கும்பிட்டாள், தண்ணீரை வாங்காமல் நேரே டிக்கியைத் திறந்து ரெஞ்சை எடுத்தாள்.

"வாசலுக்கு வந்தவ ஒரு வாய் தண்ணி குடிக்காம என்னத்தா செய்யிற?" என்றார் பெரிய மச்சான்.

"வீலக் கழட்டி மாட்டுனா அம்பது கிலோமீட்டருக்குள்ள ஒரு தடவ பாக்கணுங்க. ஒரே நிமிசம்."

நான்கு வீல். வீலுக்கு நான்கு நட்டு. சேலையை முழங்காலுக்குள் ஒதுக்கிக் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வைத்து இழுத்தாள். டிக். டிக். எதுவும் மயிரளவு நகரவில்லை. பெரிய மச்சான் முதலில் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவதோ எட்டாவதோ வந்தபோது நாற்காலியிலிருந்து எழுந்தார். பன்னிரண்டாவதுக்கு அவள் பின்னால் வந்து நின்றார். கடைசி டிக்கில், "பதினாறு" என்று அவரே எண்ணினார்.

"இதுல எதக் கழட்டணும் பெரிய மச்சான்?"

முன் இடது பக்கத்தைக் காட்டினார். அவள் பின் வீலுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தாள். வீல் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்தி, பிறகு ஜாக்கி ஏற்றிக் கழற்றினாள். உருட்டிக்கொண்டு போய் அவர் காலடியில் சாய்த்து வைத்தாள். திரும்பக் கொண்டுவந்து மாட்டி, விரலால் சுற்றி, ஜாக்கியை இறக்கி, மேலே, கீழே, இடம், வலம் என்று பாதி பலத்தில் ஒரு சுற்று, பிறகு முழு அளவில் ஒரு சுற்று. நான்கு டிக். வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது. அதைத் துடைக்கக்கூட இல்லை.

பெரிய மச்சான் குனிந்து பார்த்தார். நம்பிக்கை வரவில்லை. டிக்கியிலிருந்த ஸ்பேனரை எடுத்து ஒரு நட்டில் செருகினார். வேட்டியை மடித்துக் கட்டினார். உங்கள் குடும்பத்து ரத்தமே அப்படித்தான் போல. காலைத் தூக்கி வைத்து ஒரு மிதி மிதித்தார். நட்டு கிர்ரென்று நகர்ந்தது.

"பாத்தியா! இன்னும் ஏறுது. நீ இறுக்குனது பத்தல."

என் வாய் திறந்துவிட்டது. ஆனால் அக்கா முந்திக்கொண்டாள். குரலை உயர்த்தவே இல்லை.

"ஏறும் பெரிய மச்சான். அறுந்துபோற வரைக்கும் ஏறும்."

அவர் கால் ஸ்பேனர் மேலேயே நின்றது. செம்போடு நின்ற அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா பெரிய மச்சானை நகரச் சொல்லவில்லை. ஸ்பேனரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவரே காலை எடுத்தார். அந்த நட்டை முழுதாகக் கழற்றி, ஸ்டட்டின் மரையை வெயிலில் பார்த்து, விரலால் நட்டைச் சுற்றிப் பார்த்தாள். சிக்காமல் அடிவரை போயிற்று. பிழைத்தது. மறுபடி இறுக்கி, டிக் வைத்தாள். பிறகு ரெஞ்சின் பிடியைச் சுழற்றி அதன் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கைத் தளர்த்தி வைத்தாள், சமைத்து முடித்துக் கேஸ் சிலிண்டரை மூடுகிற அதே கையோடு.

"எந்தம்பி மிதிச்சுத்தான் அன்னைக்கி அது முறிஞ்சுச்சாக்கும்?" என்று கேட்டார் பெரிய மச்சான்.

"ஆமாங்க."

"எங்கிட்ட கம்பெனிக்காரன் போட்ட இரும்பு சரியில்லன்னு சொன்னான், களவாணிப் பய."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரித்தாள். கடைசியில் அவரும். அரிமளத்துத் தெருவில், உங்களைக் களவாணி என்று திட்டி, நாங்கள் நாலு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம் மச்சான்.

திங்கட்கிழமை வரை அவர் காத்திருக்கவில்லை. அன்றே ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டு, மனைவியிடம், "சேலைய மாத்திக்கிட்டு வா. இவ வண்டியில டவுனுக்குப் போயிட்டு வருவோம்" என்றார். பின் சீட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்தார். தெரு முனையில் யாரோ, "யாரு வண்டிண்ணே?" என்று கேட்டதற்குக் கண்ணாடியை இறக்கி, "எந்தம்பி பொண்டாட்டி வண்டி. சவாரி வேணும்னா சொல்லு" என்றார். அவளுக்கு முதல் சவாரியைப் பிடித்துக்கொடுத்ததும் அவர்தான்.

இப்போது ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பரீட்சைக்குப் போகிற பெண்கள், ஏர்போர்ட்டுக்குப் போகிற அத்தைமார்கள் எல்லாம் அவள் நம்பரைத்தான் கேட்கிறார்கள். சில ஆண்கள் ஏறும் முன் கொஞ்சம் தயங்குவார்களாம். "ஏறலாமா வேணாமானு யோசிச்சுட்டுச் சொல்லுங்க, நான் அதுக்குள்ள டயர ஒரு பார்வ பாத்துக்கிறேன்" என்பாளாம். ஏறிவிடுவார்கள்.

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை, ஷிப்டு நடுவில் அக்காவிடமிருந்து போன். எடுத்தேன். இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேனா, வருவதாக இருந்தால் நாட்டுக்கோழி சொல்லி வைக்க வேண்டும் என்றாள். வருகிறேன் என்றேன். பிள்ளைகளைப் பற்றிப் பேசினாள். மழை வரும் போலிருக்கிறது என்றாள். நான் வழக்கம் போல, "சரிக்கா, வச்சிரவா?" என்று அவசரப்பட்டேன்.

"ம். இங்க திருமயம் தாண்டி ஒரு ஆணி ஏறிருச்சு, ஸ்டெப்னியப் போட்டுட்டேன். இப்பக் கெளம்புறோம்."

"எங்க... யாரு இருக்கா கூட?"

"மாசமா இருக்குற புள்ளயும் அதோட மாமியாரும். அந்தம்மாதான் நாலு நட்டையும் முந்தானையில வாங்கி வச்சுக்கிச்சு. அந்த வழியாப் போன பஞ்சர் கடைக்காரன்கூட வண்டிய நிறுத்தி எறங்கி வந்தான். 'முடிஞ்சிருச்சுண்ணே'னு சொல்லிட்டேன். கோழிக்கு வறுவலா, கொழம்பா?"

எத்தனை டார்க் வைத்தாய், கல் வைத்தாயா, வீலின் பின்புறம் துடைத்தாயா என்று கேட்கிறவன் நான். நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை மச்சான். வாழ்க்கையில் முதல் முறையாக, கேட்க எதுவும் இல்லை.

"ரெண்டும் வையி" என்றேன்.

போனை வைத்த பிறகும் மெஷின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். சூப்பர்வைசர் என்ன என்று கேட்டார். அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள் என்றேன். அதற்கா இப்படிச் சிரிக்கிறாய் என்றார். அவருக்கு எப்படிச் சொல்வது? நடுரோட்டில் டயர் போனால் யாரைக் கூப்பிடுவாள் என்று பெரிய மச்சான் கேட்டாரே, அவள் கூப்பிட்டாள். வேலையை முடித்து, கையைக் கழுவி, கோழிக் குழம்புக்காகக் கூப்பிட்டாள். அந்த ஒரு போனைத்தான் நான் இன்னும் சட்டைப் பையில் சுமந்துகொண்டு திரிகிறேன்.

உங்கள் மாப்ள